36,000 கிலோமீட்டர் தள்ளி ஒரு வைஃபை

போன மாதம் பத்து நாள் இடைவெளியில் இரண்டு நீண்ட விமானப் பயணம். போகும்போது பதினான்கு மணி நேரம், வரும்போது அதைவிடச் சற்று அதிகம். இரண்டும் ஒரே விமான நிறுவனம்தான். போகும்போது காசு கொடுத்து வைஃபை வாங்கினேன். அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்டு இன்னும் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். வரும்போது வைஃபை இலவசம். அதில் குறை கண்டுபிடிக்க எனக்கே கொஞ்ச நேரம் பிடித்தது.

நான் நெட்வொர்க் வேலை பார்க்கிறவள். அலுவலகத்தில் யாருக்கு நெட் வராவிட்டாலும் நேராக என் மேசைக்குத்தான் வருவார்கள். அதனால் எனக்கே நெட் வராதபோது எரிச்சல் இரண்டு மடங்கு. ஏன் வரவில்லை என்று தோண்டாமலும் இருக்க முடியாது. இந்த விமர்சனத்தில் அந்தத் தோண்டலும் கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. எழுதியும் பிரயோஜனம் இல்லை. ஒரே நிறுவனம், ஒரே வழித்தடம், ஆனால் இரண்டு விமானங்களிலும் கிடைத்த வைஃபை ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம். இப்போது பல நிறுவனங்கள் பழைய கருவியைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு விமானத்தில் மாற்றியிருப்பார்கள், பக்கத்திலேயே நிற்கும் இன்னொன்றில் மாற்றியிருக்க மாட்டார்கள். டிக்கெட் எடுக்கும் பக்கத்தில் இரண்டுக்கும் ஒரே வைஃபை படம்தான் போட்டிருக்கிறது.

போகும்போது நடந்ததைச் சொல்கிறேன்.

மூன்று விதமான வைஃபை பேக் இருந்தது: செய்தி மட்டும், ஒரு மணி நேரம், முழுப் பயணம். அலுவலகத்தில் ஒரு சர்வர் மாற்றும் வேலை பாதியில் நின்றது. எதற்கும் இருக்கட்டும் என்று வீட்டிலிருந்தே முழுப் பயண பேக்கை வாங்கிவிட்டேன். தரையில் இருக்கும்போதே வாங்கியதுதான் அந்தப் பயணத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். ஏன் என்று பக்கத்து இருக்கைக்காரர் காட்டிக் கொடுத்தார்.

விமானம் 10,000 அடி, அதாவது சுமார் 3,000 மீட்டர் உயரம் தாண்டியதும் வைஃபை பெயர் கைபேசியில் தெரிந்தது. பக்கத்தில் அறுபது வயது தாண்டிய ஒருவர். நான் கைபேசியில் தமிழில் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"ஏம்மா, உனக்கு வருதா? எனக்கு வெள்ளையா நிக்குது."

"ஏரோப்ளேன் மோடு போட்டுட்டு வைஃபை மட்டும் ஆன் பண்ணீங்களா சார்?"

"எல்லாம் பண்ணியாச்சும்மா. சுத்திக்கிட்டே இருக்கு."

வாங்கிப் பார்த்தேன். ஏதோ செய்தித்தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். இங்கே ஒரு சங்கதி. விமான வைஃபையில் சேர்ந்ததும் நாம் திறக்கிற பக்கத்தை வழிமறித்து, தன் நுழைவுப் பக்கத்தைக் காட்டத்தான் அது முயலும். ஆனால் இன்று கிட்டத்தட்ட எல்லாத் தளமும் பூட்டுப் போட்ட (https) முகவரி. நடுவில் யார் கை வைத்தாலும் பிரவுசர் நம்பாது. இவர் திறந்த பக்கமும் வராது, அவர்கள் காட்ட நினைத்த பக்கமும் வராது. அதற்கு மேல் அவர் கைபேசியில் பிரைவேட் டிஎன்எஸ் என்பதை, அதாவது தளங்களின் முகவரியைத் தனி வழியில் தேடும் அமைப்பை, யாரோ ஆன் செய்து வைத்திருந்தார்கள். அதை அணைத்துவிட்டு, இருக்கைப் பையில் இருந்த அட்டையில் போட்டிருந்த முகவரியைத் தட்டினேன். நுழைவுப் பக்கம் உடனே வந்தது. பேக்கைத் தேர்ந்தெடுத்தார், கார்டு எண் போட்டார். வங்கி என்ன கேட்டது தெரியுமா? ஓடிபி.

கைபேசி ஏரோப்ளேன் மோடில் இருக்கிறது. எஸ்எம்எஸ் வராது. வங்கியின் செயலியில் ஒப்புதல் கொடுக்கலாம் என்றால் அதற்கு நெட் வேண்டும். நெட் வாங்கத்தானே இந்தப் பாடு! அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். மூன்று நிமிடக் கணக்கு திரையில் ஓடி முடிந்தது. "சரி விடும்மா, படம் பார்க்கிறேன்" என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டார். இத்தனை வருடமாக விமானத்தில் நெட் விற்கிறவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்? முன்பதிவுப் பக்கத்தில் "தரையிலேயே வாங்கிவிடுங்கள், மேலே ஓடிபி வராது" என்று ஒரு வரி போட்டால் என்ன?

அவருடையது அப்படி. என்னுடையது நுழைந்துவிட்டது, ஆனால் நகரவில்லை.

மடிக்கணினியைத் திறந்ததும் பழக்க தோஷத்தில் பிங் போட்டுப் பார்த்தேன். ஒரு சின்னத் தகவல் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் என்று காட்டும். 680 மில்லிசெகண்ட். அடுத்தது 710. அடுத்தது 1,900. வீட்டில் 10, 15க்கு மேல் போனாலே நான் ரவுட்டரை முறைப்பேன்.

இந்த எண்ணுக்குக் காரணம் தூரம். இந்த விமானம் பேசிக்கொண்டிருந்தது பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளோடு. அந்த உயரத்தில் பூமியோடு சேர்ந்து சுற்றுவதால் அது ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரியும். விமானத்தின் ஆன்டெனா அதை ஒரு பக்கமாகப் பார்த்துக்கொண்டே போகலாம். வசதிதான். ஆனால் நான் ஒரு பக்கத்தைக் கேட்டால் அந்தக் கேள்வி மேலே போய்க் கீழே இறங்க வேண்டும். பதில் மறுபடி மேலே போய்க் கீழே வர வேண்டும். நான்கு தடவை சேர்த்தால் 1 லட்சத்து 43 ஆயிரம் கிலோமீட்டர். ஒளியே அதைக் கடக்க அரை நொடி எடுத்துக்கொள்ளும். யார் எவ்வளவு செலவு செய்தாலும் அந்த அரை நொடி குறையாது. மிச்சமுள்ள 200, 300 மில்லிசெகண்ட் மற்ற பயணிகளோடு வரிசையில் நின்றதற்கான கூலி.

படிக்கிற காரியத்துக்கு முக்கால் நொடி பெரிதல்ல. மின்னஞ்சல் வந்தது, போனது. எனக்கு வேண்டியிருந்தது சர்வருக்குள் நுழைந்து நான்கு வரி கட்டளை தட்டுவது. ஒரு எழுத்தைத் தட்டுகிறேன், திரையில் ஒன்றும் இல்லை. விரல் அழுந்தவில்லையோ என்று மறுபடி தட்டுகிறேன். இப்போது இரண்டும் சேர்ந்து வருகின்றன. ஒன்றை அழிக்க பேக்ஸ்பேஸ். அசையவில்லை. இன்னொரு பேக்ஸ்பேஸ், இன்னொன்று. ஒரு நொடி கழித்து மூன்றும் ஒரே சமயத்தில் வேலை செய்து, சரியாக இருந்த எழுத்துகளையும் சாப்பிட்டுவிட்டுப் போகின்றன. கடைசியில் கட்டளைகளை நோட்பேடில் எழுதி, மூன்று தடவை படித்துப் பார்த்து, மொத்தமாக ஒட்டினேன். எண்டரை அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். என் பாட்டி தந்தி அடித்துவிட்டுக் காத்திருந்ததாகச் சொல்வாள். அப்படி இருந்தது.

இதில் அலுவலக விபிஎன் வேறு, அதாவது அலுவலக நெட்வொர்க்குக்குள் போகும் பூட்டிய பாதை. இது பலருக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். தகவல் அனுப்பும் கணினி, "வந்து சேர்ந்தது" என்று மறுமுனை சொன்ன பிறகுதான் வேகத்தைக் கூட்டும். மறுமுனை 36,000 கிலோமீட்டர் சுற்றிப் பதில் சொல்வதற்குள் பொழுது விடிந்துவிடும் என்பதால், விமானத்திலேயே இருக்கிற கருவி "வந்துவிட்டது, அடுத்ததை அனுப்பு" என்று முன்கூட்டியே சொல்லி வேகத்தைக் கூட்டிவைக்கும். நல்ல தந்திரம். விபிஎன் போட்டால் எல்லாம் உறைக்குள் போய்விடும். உள்ளே என்ன இருக்கிறது என்று அந்தக் கருவிக்குத் தெரியாது, உதவி செய்யவும் முடியாது. "நெட் இருக்கு, ஆனா ஆபீஸ் வேலை மட்டும் ஓட மாட்டேங்குது" என்று நம் ஆட்கள் விமானத்திலிருந்து புலம்புவது இதனால்தான். விபிஎன்னை அணைத்தால் வேகம் கூடும். ஆனால் அலுவலகம் அணைக்க விடாது.

ஆறாவது மணி நேரத்தில் வீட்டிலிருந்து ஒரு செய்தி வந்தது. "பல் விழுந்துடுச்சு, பாரு." கீழே ஒரு படம். மகனுக்கு ஒரு மாதமாக முன்பல் ஆடிக்கொண்டிருந்தது. படம் வரவில்லை, அதன் மங்கலான நிழல் மட்டும் வந்தது. நடுவில் ஒரு பழுப்புத் திட்டு, அதில் சின்னதாகக் கறுப்பு. நடுவில் இருந்த அம்புக்குறியைத் தொட்டேன். வட்டம் சுற்றியது, நின்றது. மறுபடி தொட்டேன். அதே வட்டம். நாற்பது நிமிடம் அந்த மங்கலை உற்றுப் பார்த்ததில், கறுப்பு இருப்பது மேல் வரிசை என்று மட்டும் முடிவுக்கு வந்தேன். "எந்தப் பல்?" என்று கேட்டேன். ஒரு டிக் விழுந்தது. இரண்டாவது டிக் விழுவதற்குள் வைஃபையே போய்விட்டது.

பணிப்பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன். "சிஸ்டத்தை ரீசெட் பண்ணியிருக்கோம் மேடம், இருபது நிமிஷம் ஆகும்" என்றார். பாவம், அவரிடம் இருப்பது ஒரே ஒரு பட்டன்தான். இருபது நிமிடத்தில் வந்தது, அரை மணி நேரம் நின்றது, பிறகு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆளே காணோம். இந்த முறை குற்றம் பட்டனுடையது அல்ல. இருக்கைத் திரையில் வரைபடத்தைப் பார்த்தேன். நாங்கள் வட துருவத்தை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தோம். செயற்கைக்கோள் நிற்பதோ பூமத்திய ரேகைக்கு மேலே. துருவப் பக்கம் போகப் போக அது அடிவானத்தை நோக்கிச் சரிந்துகொண்டே வரும். அட்சரேகை 75 பாகை தாண்டினால் ஆன்டெனாவுக்குப் பிடிப்பதே பெரும்பாடு. 81 பாகைக்கு மேல் அடிவானத்துக்குக் கீழேயே போய்விடும். இந்தப் பாதையில் இத்தனை மணி நேரம் கிடைக்காது என்பது விமானம் கிளம்பும் முன்பே கணக்குப் போடக்கூடிய விஷயம். அதை மறைத்து "முழுப் பயணம்" என்று விற்றதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

அப்படியானால் பழைய வகை வைஃபை வாங்கவே கூடாதா என்றால், அதுவும் இல்லை. செய்தி மட்டும் என்கிற பேக்கை வாங்குங்கள். எழுத்துச் செய்திக்கு அரை நொடி தாமதம் ஒரு பொருட்டே அல்ல. "இறங்க நேரமாகும், காத்திருக்க வேண்டாம்" என்று சொல்ல அது போதும். எனக்கு முன் வரிசையில் அதை வாங்கிய ஒரு பெண், நான் முழுப் பேக் வைத்துச் செய்த அத்தனையையும் செய்துகொண்டிருந்தாள், சர்வர் தவிர. இன்னொன்று, வைஃபை வரவில்லையே என்று கைபேசியில் அந்த இணைப்பை "மறந்துவிடு" என்று போட்டுவிட்டு மறுபடி சேராதீர்கள். பேக் உங்கள் கருவியின் முகவரியோடு கட்டப்பட்டிருக்கிறது. இப்போதைய கைபேசிகளில் சில அந்த முகவரியை மாற்றிக் கொடுக்கும். அப்படி மாறினால் நீங்கள் புது ஆள், மறுபடி பணம் கேட்கலாம். ஏறுவதற்கு முன்பே படங்களைத் தானாகச் சேமிக்கிற வேலையையும் நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் கிடைக்கிற கொஞ்ச நெட்டையும் அது குடித்துவிடும்.

நியாயமாகப் பார்த்தால் இந்தத் தொழிலின் கதையே கொஞ்சம் பரிதாபம். 2004 மே மாதம் லுஃப்தான்சாவின் மியூனிக்–லாஸ் ஏஞ்சலஸ் விமானத்தில் போயிங் தன் கனெக்‌ஷன் சேவையைத் தொடங்கியபோது கையில் ஸ்மார்ட்போன் கிடையாது. மடிக்கணினி வைத்திருந்தவர்கள் மட்டும்தான் வாடிக்கையாளர்கள். 2006 முடிவதற்குள் மூடிவிட்டார்கள். 2008இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானங்களில் கோகோ என்கிற வைஃபை சேவை வந்தது. அது வானத்தைப் பார்க்கவில்லை, கீழே தரையில் இருந்த கோபுரங்களைப் பார்த்தது. ஒரு விமானம் முழுக்க ஏறக்குறைய நொடிக்கு 3 மெகாபிட் வேகம். அதை அத்தனை பயணிகளும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். கடல் வந்தால் கோபுரம் ஏது? காசு வாங்காமல் கொடுக்க முடியும் என்று ஜெட்புளூ 2017இலேயே தன் எல்லா விமானங்களிலும் காட்டியது. டெல்டா 2023 பிப்ரவரியில்தான் அந்தப் பக்கம் வந்தது. அதனால் காசு கொடுத்ததுகூட எனக்குப் பெரிய குறை இல்லை. எதற்குக் கொடுக்கிறேன் என்று சொல்லாததுதான் குறை.

திரும்பி வரும் விமானத்தில் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை. கதவு மூடும் முன்பே கைபேசியில் வைஃபை பெயர் தெரிந்தது. தொட்டேன், சேர்ந்தது. நுழைவுப் பக்கம் இல்லை, பேக் இல்லை, ஓடிபி இல்லை. மடிக்கணினியை எடுத்துப் பிங் போட்டேன். 48. ஏதோ தவறு என்று நினைத்து மறுபடி போட்டேன். 52. விமானம் இன்னும் ஓடுபாதைக்கே போகவில்லை.

இது ஸ்டார்லிங்க் வகை. செயற்கைக்கோள்கள் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. 36,000 எங்கே, 550 எங்கே. அவ்வளவு கீழே இருப்பதால் ஒரே இடத்தில் நிற்க முடியாது. மணிக்கு 27,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகின்றன. ஒன்று தலைக்கு மேல் தெரிவது சில நிமிடம்தான், பிறகு அடுத்ததைப் பிடிக்க வேண்டும். பழைய ஆன்டெனா, விமானத்தின் முதுகில் திமில் மாதிரி ஒரு மூடிக்குள் உட்கார்ந்து உடலைத் திருப்பித் திருப்பித் தேடும். புதியது தட்டைப் பலகை. அசையாமல் படுத்துக்கொண்டு, அலையை மட்டும் மின்னணு முறையில் வளைத்து அடுத்த செயற்கைக்கோளுக்குத் தாவும். இந்த வகை 2024இல் ஹவாயன் ஏர்லைன்ஸிலும், அதே ஆண்டு அக்டோபரில் கத்தார் ஏர்வேஸின் போயிங் 777 விமானத்திலும் வந்தது. அப்போது படித்துவிட்டு விளம்பரம் என்று நினைத்தேன். நினைத்தது தப்பு.

சர்வருக்குள் போனேன். தட்டின எழுத்து தட்டின இடத்தில் வந்தது. அவ்வளவுதான், வேறு என்ன சொல்ல? அலுவலக விபிஎன்னும் முரண்டு பிடிக்கவில்லை. இந்த முறையும் அதே வடக்குப் பாதைதான். துருவங்களுக்கு மேலாகவும் சில செயற்கைக்கோள்கள் சுற்றுவதால் இணைப்பு அறவே இல்லாமல் போகவில்லை. பதினைந்து மணி நேரத்தில் நான் கவனித்து இரண்டு தடவை விட்டது, ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குள்.

சரி, குறை. முதலாவது, நான்தான். வேலை ஓடுகிறது என்று தெரிந்ததும் அலுவலகக் குழுவில் "நான் ஆன்லைன்" என்று ஒரு வார்த்தை போட்டுத் தொலைத்தேன். ஐந்து நிமிடத்தில் ஒருவர் பிரின்டர் வேலை செய்யவில்லை என்று வந்துவிட்டார். 11 கிலோமீட்டர் உயரத்தில் உட்கார்ந்துகொண்டு, இரண்டாவது மாடி பிரின்டருக்கு முக்கால் மணி நேரம் டிரைவர் மென்பொருளை மாற்றினேன். கடைசியில் பார்த்தால் காகிதத் தட்டு சரியாக மூடவில்லை.

இரண்டாவது, சத்தம். ஹெட்போன் இல்லாமல் குட்டிக் குட்டி வீடியோக்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளுகிற ஆள் இப்போது விமானத்திலும் வந்துவிட்டார். விளக்கை அணைத்த பிறகு எனக்கு எதிர் வரிசையில் ஒருவர் வீடியோ அழைப்பில் கிசுகிசுத்தார். கிசுகிசுப்பு என்று அவர் நினைத்துக்கொண்டார். பேச்சு அழைப்பு கூடாது என்று ஏறும்போதே அறிவித்திருந்தார்கள். பணிப்பெண் வந்து சொன்னதும் தலையை ஆட்டினார். பணிப்பெண் அந்தப் பக்கம் போனதும் இவர் தொடர்ந்தார். பழைய வைஃபையில் இந்தத் தொல்லை கிடையாது, ஏனென்றால் யாராலும் அழைக்கவே முடியாது. கொடுக்கிறவர்கள் இதற்கும் ஒரு வழி யோசித்துவிட்டுக் கொடுத்திருக்கலாம்.

மூன்றாவது, இருக்கையின் யுஎஸ்பி துளை. நெட் நன்றாக இருந்தால் கைபேசி சும்மா இருக்காது. துளையிலிருந்து ஏறுகிற மின்சாரத்தைவிட வேகமாக இறங்கியது. பவர்பேங்கைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது.

மதிப்பெண் கேட்டால் பழையதுக்கு ஐந்தில் ஒன்றரை, அந்த ஒன்றரையும் எழுத்துச் செய்திக்காக. புதியதுக்கு நாலரை. எந்த வகை என்று முன்பே தெரிந்துகொள்ள, பதிவில் விமான ரகம் போட்டிருக்கிறதா என்று பார்த்து, அந்த ரகத்தில் மாற்றம் முடிந்துவிட்டதா என்று நிறுவனத்தின் பக்கத்தில் தேடலாம். கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றிவிட்டால் எல்லாம் வீண்.

பல் படம், முதல் பயணம் முடிந்து தரையிறங்கி விமான நிலைய வைஃபையில் சேர்ந்ததும் ஒரே நொடியில் திறந்தது. மேல் வரிசைதான், இடது பக்கம்.

பணத்தைத் திருப்பிக் கேட்கிற படிவத்தில் முதல் கட்டமே "செஷன் எண்". அது விமானத்துக்குள் வருகிற நுழைவுப் பக்கத்தில் மட்டும்தான் தெரியும் என்று உதவிக் குறிப்பில் போட்டிருக்கிறது. விமானமோ அதற்குள் எங்கெங்கோ போய்விட்டது. எண் இல்லாமலே மின்னஞ்சல் அனுப்பினேன். எந்த நேரத்தில் கிடைக்கவில்லை என்று ஆதாரம் கேட்டார்கள். என்னிடமா கேட்கிறார்கள்! பயணம் முழுக்க முப்பது நொடிக்கு ஒரு பிங் ஓடவிட்டிருந்தேன். 1,500 வரிகளுக்கு மேல் இருந்த அந்த லாக் கோப்பை அப்படியே இணைத்து அனுப்பினேன். நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. பாதுகாப்புக் காரணங்களால் இணைப்புகளைத் திறக்க அவர்களுக்கு அனுமதி இல்லையாம், மின்னஞ்சலின் உள்ளேயே ஒட்டி அனுப்ப வேண்டுமாம். நேற்று இரவு ஒட்டினேன், 1,500 வரியையும்.